பென்சிலால் எழுதிய விலை

அவருக்கு ஸ்டாப்லாஸ் என்று பெயர் வைத்தவர் கிரீஸ் அண்ணன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இருவரும் மெக்கானிக்குகள்; ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புகிறவர்கள். கிரீஸ் அண்ணனின் சட்டையில் கிரீஸ் படாத நாள் கிடையாது, அதனால் அவருக்கு அந்தப் பெயர். நம்மவர் வாயைத் திறந்தால் ஸ்டாப்லாஸ் என்ற சொல் வராமல் மூடமாட்டார், அதனால் இவருக்கு இந்தப் பெயர். ஒரு பங்கை வாங்கும்போதே, இந்த விலைக்குக் கீழே இறங்கினால் மறுபேச்சில்லாமல் விற்றுவிடுவேன் என்று குறித்து வைக்கிற விலைதான் அது. பங்குச் சந்தையில் கை வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நம்மவர் என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி பேசுவார்.

"லிஃப்டுக்கு பிரேக் எப்படியோ அப்படிண்ணே இது. பிரேக் இல்லாத லிஃப்ட்ல நீங்க ஏறுவீங்களா?"

"நான் பிரேக் இருக்கற லிஃப்ட்லயே பயந்துக்கிட்டுதான்யா ஏறுறேன். நீ பாத்த வேலையாச்சே."

வேனே சிரிக்கும். இவரும் சிரிப்பார். ஐம்பத்து மூன்று வயதில் மனிதருக்கு ஒரு கௌரவம் கிடைத்திருந்தது. மெக்கானிக்குகள் ஓய்வு நேரத்தில் இவரைச் சுற்றி உட்கார்ந்து யோசனை கேட்டார்கள். யாருக்குத்தான் பிடிக்காது?

வெறும் வாய்ப்பேச்சு என்றும் சொல்லிவிட முடியாது. அவரிடம் ஒரு நீளமான பைண்டு நோட்டு இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எட்டுக் கட்டம்: தேதி, கம்பெனி, வாங்கிய விலை, எத்தனை பங்கு, ஸ்டாப்லாஸ், வாங்கிய காரணம், விற்ற விலை, கடைசியில் லாபமா நஷ்டமா. ஒவ்வொரு தடவை வாங்குவதும் ஒரு வரி. அட்டையின் உள்பக்கம் சிவப்பு மையில் இரண்டு சட்டம் எழுதி வைத்திருந்தார். ஒரு வரியில் மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடக்கூடாது. ஒரு வரியில் அந்த மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இழக்கக்கூடாது. நாலு வருஷம் தன் சொந்தச் சேமிப்பை, அது கொஞ்சம்தான், இந்த இரண்டு சட்டத்துக்குள் வைத்து ஓட்டினார். பெரிதாகச் சம்பாதிக்கவில்லை, பெரிதாக இழக்கவும் இல்லை. அந்த மட்டில் நல்ல பேர்.

ஏழு கட்டத்தைப் பேனாவால் எழுதுவார். ஸ்டாப்லாஸ் கட்டம் மட்டும் பென்சில். விலை ஏறினால் ஸ்டாப்லாஸையும் அதன் பின்னாலேயே ஏற்றிக்கொண்டு போகவேண்டும் அல்லவா, அதற்காக. அதில் தவறொன்றும் இல்லை. இன்னொரு பழக்கமும் சேர்ந்திருந்தது. ஆரம்பத்தில் அந்த விலையைத் தரகு நிறுவனத்தின் ஆப்பில் பதிந்துவைப்பார். விலை அங்கே வந்ததும் அது தானாக விற்றுவிடும். ஒருமுறை அப்படி விற்ற பத்தாவது நிமிஷத்தில் விலை விர்ரென்று மேலே போய்விட்டது. அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. "நாம எங்க நிக்கறோம்னு பெரிய ஆளுங்களுக்குத் தெரிஞ்சுடுது. வேணும்னே அதுவரைக்கும் இறக்கி நம்மளைக் கழட்டி விட்டுட்டு ஏத்தறாங்க," என்றார். அதிலிருந்து ஸ்டாப்லாஸ் நோட்டோடு நின்றுவிட்டது. விற்கவேண்டிய நேரம் வந்தால் தானே விற்பது என்று ஏற்பாடு. பிரேக் இருந்தது, அதை மிதிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலையில் ஆள் எமன். லிஃப்டைத் தூக்கி இறக்கும் கம்பிக் கயிறுகளைச் சோதிப்பது அவர் பொறுப்பு. மாடி உச்சியில் இருக்கும் மெஷின் ரூமில் குந்தி உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இழை இழையாக எண்ணுவார். அறுந்த இழை குறித்த எண்ணிக்கையைத் தாண்டினால் கயிற்றைக் கழிக்கவேண்டும். கட்டட நிர்வாகிகள் கெஞ்சுவார்கள்: புதுக்கயிறு விலை அதிகம், இன்னும் மூன்று மாசம் ஓடாதா? "ஓடும்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் இப்பவே கிளம்பறேன்," என்பார் இவர். ஒருவரும் கையெழுத்துப் போட்டதில்லை.

இவருடைய மனைவி தைத்த துணிகளை ஏற்றுமதி செய்யும் ஆலையில் செக்கிங் மேசையில் இருபத்தாறு வருஷம் நின்றவள். நின்றவள் என்று சும்மா சொல்லவில்லை. அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. தைத்து வருகிற சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் தொங்குகிறதா, தையல் விட்டிருக்கிறதா, ஊசித் துளை தெரிகிறதா என்று ஒரு நாளைக்கு எழுநூறு சட்டை. ஆலையை மூடியபோது வலது இடுப்பு மூட்டு முழுசாகத் தேய்ந்துபோயிருந்தது. மூட்டை எடுத்துவிட்டு வேறு வைக்கவேண்டும் என்றார் டாக்டர். ஆனால் முதலில் சர்க்கரையையும் எடையையும் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். பத்து மாதம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார்கள்.

ஆலைக்காரர்கள் கணக்கு முடித்துக் கொடுத்த பணம், ஆபரேஷன் செலவில் பத்தில் ஒன்பது பங்குக்கு வந்தது. மிச்சத்தைத் தன் அண்ணனிடம் கேட்கலாம் என்றாள் மனைவி. நம்மவருக்கு அது பிடிக்கவில்லை.

"எதுக்கு ஊர்ல கேக்கணும்? பத்து மாசம் இருக்கு. மிச்சத்தை இந்தப் பணமே சம்பாதிச்சுக் குடுக்கும். நான் பாத்துக்கறேன்."

அவள் காசோலையை இரண்டாக மடித்து அவர் கையில் வைத்தாள்.

"இதைப் பணம்னு நினைச்சுடாதீங்க. என் இடுப்பெலும்புன்னு நினைச்சுக்குங்க."

அவர் அப்படியே நினைத்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

தன் பணத்தில் நூறு போனால், போகட்டும் என்று விற்றுவிட்டு நஷ்டத்தைப் பேனாவால் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக அவரால் முடிந்திருந்தது. இது அப்படியில்லை. விலை இறங்கி விற்கவேண்டிய இடம் வந்தால், அவள் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுத்து நடப்பது கண்முன் வந்துவிடும். விற்க விரல் வராது. அழிரப்பரை எடுத்து நூற்று இருபத்தாறை அழித்துவிட்டு நூற்றுப் பதினெட்டு என்று எழுதுவார். இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்துப் பார்ப்போமே. பாவம், அவர் பேராசைக்காரர் இல்லை. ஆசைப்பட்டவன் கெட்டால் ஊருக்கு ஒரு திருப்தியாவது உண்டு. இவர் பயத்தில் கெட்டவர்.

நூற்று இருபத்தாறு என்று சொன்னது ஒரு கம்பிக் கயிற்றுக் கம்பெனியின் பங்கு. இருபத்தைந்து வருஷமாக அவர் கையால் பூட்டி வருகிற கயிறு. மற்ற கம்பெனிகளின் கயிறு நாலு வருஷத்தில் இழை விடும், இது ஏழு வருஷம் தாங்கும். "ஊர்ல எவனுக்கும் தெரியாதது எனக்குத் தெரியும்ணே. இது நான் தொட்டுப் பாத்த கம்பெனி," என்று வேனில் சொன்னார். கிரீஸ் அண்ணனும் தன் பங்குக்குக் கொஞ்சம் வாங்கினார். விலை நூற்று நாற்பது. ஸ்டாப்லாஸ் நூற்று இருபத்தாறு.

இரண்டாம் மாதம் விலை நூற்று இருபத்தாறுக்கு வந்தது. கிரீஸ் அண்ணன் விற்றார். நம்மவர் அழித்து எழுதினார். நூற்றுப் பதினெட்டுக்கு வந்தபோது நூற்று எட்டு என்று எழுதியதோடு நிற்காமல், நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் வாங்கினார். புது வரி, புதுத் தேதி, பத்தில் ஒரு பங்குதான், அதற்கொரு தனி ஸ்டாப்லாஸ். சட்டத்தை மீறவில்லை. அடுத்த மாதம் இன்னொரு வரி. அதுவும் பத்தில் ஒரு பங்குதான். ஏழாம் மாதம் முடிவதற்குள் அந்த ஒரே கம்பெனியின் பெயர் ஏழு வரியில் இருந்தது. ஒவ்வொரு வரியும் ஒழுங்கான வரி. ஏழையும் கூட்டிப் பார்க்கவேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை, எழுதியவர் அவர்தான்.

புது வரிக்குப் பணம் வேண்டுமே. கையிலிருந்த மற்ற பங்குகளில் எது லாபத்தில் இருந்ததோ அதை விற்றார். விற்றால்தான் எட்டாவது கட்டத்தில் எழுத முடியும். மாதக் கடைசியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மனைவிக்கு வாசித்துக் காட்டுவார்: இந்த மாதம் இரண்டு வரி முடிந்தது, இரண்டும் லாபம். ஒரு பொய் கிடையாது. முடியாத வரிகளை வாசிப்பதில்லை, அவ்வளவுதான். அவை இன்னும் முடியவில்லையே!

அவள் தரையில் பாய் விரித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி காலை மெல்லத் தூக்கி இறக்கிக்கொண்டே கேட்பாள். அவள் பங்கை அவள் சரியாகச் செய்தாள். சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளித்துக்கொண்டு குடித்தாள். எட்டு கிலோ குறைத்தாள். "நீங்க அங்க ஏத்துங்க, நான் இங்க இறக்கறேன்," என்று அவள் சொன்னபோது இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் சிரித்தபடியே நோட்டை மூடி வைத்தார்.

ஏழாம் மாதக் கடைசியில், வழக்கமான வாசிப்புக்கு முன்னால் அவர் குளிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தால் மனைவி நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், சட்டையைப் பார்க்கிற மாதிரி.

"ஏங்க, இந்தக் கட்டத்துல மட்டும் ஏன் பேப்பர் தேஞ்சு கெடக்கு? இந்த வரியில பாருங்க, ஓட்டையே விழுந்துடுச்சு."

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றார்.

"எனக்கு உங்க மார்க்கெட் எல்லாம் புரியாது. ஆனா இது ஒரே கம்பெனி. ஏழு எடத்துல இருக்கு. ஏழுலயும் கடைசிக் கட்டம் காலியா இருக்கு. அப்படின்னா என்ன?"

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. விலை இப்போது எழுபத்து நாலு என்றார். விற்காதவரை நஷ்டம் நஷ்டமில்லை என்றார். கயிறு எப்பேர்ப்பட்ட கயிறு என்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"எங்க டேபிள்ல ஏழு பீஸ்ல ஒரே ஃபால்ட் வந்தா பீஸைக் கழிக்க மாட்டோம். அந்த லாட் சரக்கு மொத்தத்தையுமே நிறுத்திடுவோம்." நோட்டை மூடினாள். "இப்ப எல்லாத்தையும் வித்தா எவ்வளவு வரும்?"

"போட்டதுல அஞ்சுல நாலு பங்கு வரும்."

"வித்துடுங்க. அண்ணன்கிட்ட நான் பேசறேன். கொஞ்சம் கூடக் கேக்கணும், அவ்வளவுதானே. குடுப்பார்."

அந்த வாரமே விற்றிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். சொல்லும்படியான கதையாகவும் இருந்திருக்காது. ஆனால் மச்சான் முன்னால் போய் நிற்கவேண்டுமே. நாலு வருஷமாக அந்த மச்சானுக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தவர் இவர்.

"இன்னும் மூணு மாசம் இருக்கும்மா. நூறுக்காவது வரட்டும். நூறு வந்தா அன்னிக்கே விக்கறேன். சத்தியமா."

மனைவி நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். "உங்களுக்குத் தெரியும்ங்கறீங்க. சரி," என்றாள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்குப் பிறகு அவர் வாசித்துக் காட்டவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

பதினெட்டு நாள் கழித்து, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மெஷின் ரூமில் டிபன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் ஃபோனைப் பார்த்தபோது செய்தி வந்திருந்தது. கயிற்றுக் கம்பெனியின் கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கையாளர் விலகிக்கொண்டார். கம்பெனி காட்டிய விற்பனையில் பாதி நடக்கவே இல்லை. வங்கிக் கடனுக்கு ஈடாகக் காட்டிய சரக்கு கிடங்கில் இல்லை. விற்கிறேன் என்று அழுத்தினார். அவருக்கு முன்னால் ஊரே விற்க வரிசையில் நின்றது. வாங்க ஒரு ஆள் இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்று சந்தை வைத்திருந்த எல்லைக்கு விலை காலையிலேயே இறங்கி அங்கேயே உறைந்து கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். விலை என்று ஒன்று இருந்தால்தானே ஸ்டாப்லாஸ் எழுத முடியும்.

அந்த ஐந்து நாளும் அவர் வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் சோதித்தது அதே கம்பெனியின் கயிறு. இழை இழையாக எண்ணினார். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. கயிற்றைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மைதான், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது? மெஷின் ரூமின் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு, மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அழுதார்.

வேனில் கிரீஸ் அண்ணன் அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"யோவ் ஸ்டாப்லாசு! பேப்பர்ல பாத்தேன்யா. நல்லவேளை, நீ சொன்னபடி நூத்தி இருபத்தாறுல வித்துத் தொலைச்சேன். இல்லேன்னா என் கதி? உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்யா."

மற்றவர்களும் திரும்பிப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்கள். நீங்க எப்ப வித்தீங்க என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பிரேக்குன்னா சும்மாவாண்ணே," என்றார். அப்படிச் சொல்லும்போது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் அவர் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வந்தவர் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எவ்வளவு மிச்சம்?"

"பத்துல மூணு பங்கு."

"அது வேற கம்பெனியா?"

"ஆமா."

"அதை நாளைக்கே வித்துடுங்க." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "அண்ணன் பத்துல ஒண்ணு குடுப்பார், ரெண்டு குடுப்பார். ஏழு குடுக்க அவர் எங்க போவார்?"

"நான் உன் தலையில கல்லைப் போட்டுட்டேன்."

"தலையில இல்லீங்க. இடுப்புல," என்றாள் அவள். அந்த நேரத்திலும் அவளுக்கு அப்படித்தான் வாயில் வந்தது. 

கடன் கேட்டு மூன்று இடத்துக்குப் போனார். சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்ன தொகை, ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகளுக்குத்தான் போதும். அரசு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தார்கள். முன்னால் நான்கு வருஷத்துக்கு ஆள் இருந்தது. டாக்டரோ அவ்வளவு நாள் விட்டால் மற்ற இடுப்பும் சேர்ந்து போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, முன்பணம் கட்டச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. எடுத்தவள் மனைவி. மறுநாள் அவர் வேலைக்குப் போனபிறகு தனியாகவே பஸ் ஏறிப் போனாள். சாயங்காலம் அவர் வந்தபோது அவள் உட்கார்ந்து கால் வீக்கத்துக்குத் தண்ணீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தேதியை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லிட்டேன். சர்க்கரை எவ்வளவு நல்லா இறங்கியிருக்குன்னு அந்த நர்ஸ் ரொம்பச் சந்தோஷப்பட்டா."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் பையை இடம் மாற்றி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, செக்கிங் மேசையில் அவளோடு பதினைந்து வருஷம் எதிரெதிரே நின்றவள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். தேதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னக்கா இது! பத்து மாசமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி, இப்பப் போய் வேண்டாம்னா?"

நம்மவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லிவிடட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"பயமா இருக்குடி," என்றாள் மனைவி. "எலும்பை அறுப்பாங்களாம். இரும்பை வைப்பாங்களாம். நினைச்சாலே குலை நடுங்குது. எனக்கு வேண்டாம்ப்பா இந்த வம்பு. இருக்கற காலோட இருந்துட்டுப் போறேன்."

"நல்ல ஆளுக்கா நீ! ஊசி குத்தி நகம் பிஞ்சப்பகூட வேலையை விடாம நின்னவ, நீயா பயப்படற?" வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது நாலு வார்த்தை தைரியம் சொல்லக்கூடாதாண்ணா? பணம் கையில இருக்கு, தேதி கெடைச்சிருக்கு, இவ பாட்டுக்கு இப்படிப் பண்ணா பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் அவருக்கு இனிமேல் கிடைக்காது. அது அவருக்கும் தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"சொல்லாத நாளே இல்லம்மா," என்றார். "எங்க கேக்கறா?"

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பழப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது.

"ஆமாடி," என்றாள். "பாவம், அவர் சொல்லிக்கிட்டேதான் இருக்கார்."